கொப்பரையில் ஊற்றிய கூழ்

ஆடி, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மோட்டார் போட்டேன், தண்ணீர் மெதுவாகத்தான் ஏறுகிறது. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது.

கோயில் காரியம் பார்க்கும் கன்னியப்பன் வந்தான். ஞாயிறு அம்மனுக்குக் கூழ்.

"பெரிம்மா, மாடி ரூம்ல கீற பொண்ணுங்க இன்னா ஆளுங்க?"

"கம்பெனி ஆளுங்க."

"அத்த கேக்கல."

தெருவுக்கே கேட்கக் கத்தினேன். "காலனிப் பொண்ணுங்கதான்டா! என் வூடு, என் ரூம். இன்னா பண்ணுவ?"

"அப்ப உன் வூட்டுக் கூழு வேணாம்." போய்விட்டான்.

பேத்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆயா, கெத்து!" என்றாள். சோறு இரண்டு கை கூடவே இறங்கியது.

வெள்ளி

மாடி ரூம் செல்வி ஷிஃப்ட் முடிந்து வந்தாள். தென்காசிப் பக்கம், ஒரகடத்தில் வேலை. ரூம் கேட்டு வந்த அன்றே தன் சாதியை என்னிடம் மட்டும் சொன்னவள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க சாதிய தெருவுல சொல்லச் சொல்லி யாரு ஆச்சி கேட்டா?"

"உங்களுக்காவத்தானே சண்ட போட்டேன்."

"எங்ககிட்ட கேட்டீங்களா? நேத்து வரைக்கும் கடைக்காரர் மீதிச் சில்லறையக் கையில தந்தாரு. இன்னைக்கு மேசையில வைக்காரு."

முதலில் அவள் மேல் கோபம். பிறகு என் மேல்.

சின்ன வெங்காயம் அரை கிலோ.

சாயந்திரம் மாடி ஏறினேன். முட்டி வலி. "இப்ப இன்னா பண்ணலாம்? நீயே சொல்லு."

மூன்று பெண்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "நாங்களே கூழ் காய்ச்சிக் கொண்டு போறோம். நீங்க கூட வாங்க ஆச்சி. பேசாம வாங்க."

பேசாமலா!

ஞாயிறு

வீட்டுக்கு வீடு காய்ச்சியதைக் கோயில் கொப்பரையில் கலப்பது வழக்கம். கலந்தபின் எவனாலும் பிரிக்க முடியாது.

செல்வி தலையில் தவலை. நான் பின்னால், வேப்பிலையோடு.

கன்னியப்பன் அவளைப் பார்க்கவே இல்லை. "பெரிம்மா, நீயே சொல்லி இட்டுக்கினு போ."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்கிட்டப் பேசுங்கண்ணே. நானும் இந்தத் தெருதான். தள்ளுங்க," என்றாள் செல்வி. ஊற்றிவிட்டாள்.

பம்பைக்காரர்கூட நிறுத்திவிட்டார். பாதிப் பேர் சொம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பாதிப் பேர் நின்றார்கள். "பசிக்குது, ஊத்துங்கடி," என்று பால்கார முனியம்மா. அவளுக்கு அடுத்து நான்.

கன்னியப்பனுக்கு முகம் கறுத்துப்போனது. "நாளைக்குத் தெருக்கூட்டம். உன் வூட்ட ஒதுக்கி வைக்கிறேன் பாரு!"

நான் செல்வியைப் பார்த்தேன்.

"ஆறு மணிக்கு மேல வைங்கண்ணே. பகல்ல எங்களுக்கு ஷிஃப்ட்."