ஆகாயத்துக்குப் போன குக்கர் மூடி

9 ஜூன் 2023
வடமதுரையில் காதுகுத்து. திண்டுக்கல் ஜில்லாவின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி, மைக் செட் சடையாண்டியாகிய நான், "தாய்மாமன் சீர்வரிசை வந்துகொண்டே இருக்கிறது" என்று முழங்கியதும், திருச்சி போகிற பஸ் ஒன்று தன்னைத்தான் வரவேற்கிறார்கள் என்று நின்றுவிட்டது. சீர் என்னவோ ரெண்டு தட்டு. என் வாயில் விழுந்து எழுந்தபோது நூற்றியெட்டு. தாய்மாமன் கண்ணில் தண்ணீர். இதுதானே என் தொழில்?

18 ஜூன், ஞாயிறு
அகரத்துக்குக் கறிச்சோறு சாப்பிடப் போனேன், அக்கா மக நாகஜோதி வீட்டுக்கு. குக்கர் வெடிச்சிருச்சு. பிள்ளைக்கு முதுகு, முழங்கைக்குப் பின்பக்கம் எல்லாம் வெந்துபோச்சு. பெரியாஸ்பத்திரியில கெடக்கா. புருஷன் பாண்டியராஜ் லாரியோட ஆந்திராப் பக்கம். புதுக் குக்கரு — வாங்கி ரெண்டு மாசம் ஆகல.
இன்னிக்கு இம்புட்டுதான்.

22 ஜூன்
ஆறிவிடும் என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது.
பாரூக் டீக்கடையில் கூட்டம் கூடிப்போச்சு. "மூடி கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயி, மலைக்கோட்டையை ரெண்டு சுத்துச் சுத்திட்டு, பழனி முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் எறங்குச்சு! எம் மருமக லேசுப்பட்டவளா? வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் புலி மாதிரிப் பாஞ்சு மூடியப் பிடிச்சுத் திருகுனா! நான் அவளத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு..."
"மாப்ள, இரு இரு, மொதல்ல இருந்து சொல்லு" என்று பாரூக் செல்போனில் படம் பிடித்தான்.
மூடி உடைத்தது ஒரே ஒரு ட்யூப் லைட்டை. ஆனால் ட்யூப் லைட்டுக்கு யார் டீ வாங்கித் தருவார்கள்?

3 ஆகஸ்ட்
ஜோதி வீட்டுக்கு வந்துவிட்டாள். புண் ஆறிவருகிறது. ஆனால் மாமியார் பொன்னழகு அவளை அடுப்படிக்குள் விடுவதில்லை. "விசில் அடங்குறதுக்குள்ள தெறந்திருப்பாண்ணே. அவசரக்காரி. இவளை நம்பி எப்படி அடுப்பக் குடுக்குறது?" என்று அவள் காதுபடவே என்னிடம் சொல்கிறாள்.
ஜோதி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "மாமா, நான் அதத் தொடவே இல்ல. எம்மேல தப்பில்லன்னு பெரிய எடத்துல யாராச்சும் சொல்லணும். வேறெதுவும் வேணாம்."
குக்கர் கம்பெனிக்கு போன் போட்டேன். எங்கள் குக்கர் வெடிக்காது என்றார்கள். "அப்ப அகரத்துல கேட்ட சத்தம் நான் விட்ட கொட்டாவியா?" என்றேன். வைத்துவிட்டார்கள்.

19 ஆகஸ்ட்
பாரூக்கின் மகள் ருக்ஸார் வக்கீல். என் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்த பிள்ளை. இப்போது எனக்குச் சட்டம் சொல்கிறது. "பொருள்ல குறை இருந்து ஒருத்தருக்குக் காயம்பட்டா, செஞ்ச கம்பெனிதான் பொறுப்பு மாமா. பல கோர்ட்டுல தீர்ப்பு இருக்கு. ஆனா, வாங்குனவங்க தப்பாப் பயன்படுத்துனாங்கன்னு காட்டிட்டா அவங்க தப்பிச்சிருவாங்க. அப்ப கூட இருந்தது யாரு?"
"நான்தான்."
அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்தது. "வேற யாரும் இல்லையா மாமா?" என்றது.

14 டிசம்பர்
நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டாச்சு. வாய்தா.

20 பிப்ரவரி 2024
கம்பெனி பதில் போட்டுவிட்டது: பெண்மணி சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்தார். பொன்னழகு சொன்ன அதே வசனம்! ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியாரோ?

8 மே
குக்கரைச் சோதித்த ரிப்போர்ட் வந்தது. ஆவி மிஞ்சினால் திறந்துகொள்ள வேண்டிய சேஃப்டி வால்வு திறக்கவே இல்லையாம். மூடியின் பிடி பூட்டினபடியே பிய்ந்திருக்கிறதாம். வெற்றி! வெற்றி! என் ஆட்டோவில் மைக்கைக் கட்டித் தாடிக்கொம்பு வரை அறிவித்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். "தயவுசெஞ்சு வேணாம் மாமா" என்றாள் ருக்ஸார்.

2 ஜூலை
கம்பெனி வக்கீல் ஒரு வீடியோ தாக்கல் செய்திருக்கிறார். டீக்கடை. நான். "புலி மாதிரிப் பாஞ்சு மூடியப் பிடிச்சுத் திருகுனா!"
ஊரெல்லாம் சுற்றி அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ரிப்போர்ட் இருக்கட்டும், கூட இருந்த சொந்த மாமனே திருகினாள் என்கிறானே என்கிறார்கள்.
டேய் சடையாண்டி, உன் வாயில மண்ணு விழ! பிள்ளைக்குப் புலி வேஷம் போடச் சொல்லி யாருடா அழுதா?
ஜோதி வீடியோவை முழுசாகப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க மாமா" என்றாள். திட்டியிருக்கலாம்.

7 செப்டம்பர்
ருக்ஸார் எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். "மணி எத்தனை இருக்கும்?"
"சூரியபகவான் உச்சியில நின்னு வேர்வையத் தொடைச்சு—"
"மாமா!"
"பன்னெண்டு."
"அவ்வளவுதான். இப்படியே பேசுங்க."
இப்படியே பேசினால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

11 செப்டம்பர்
நுகர்வோர் கோர்ட்டு. கம்பெனியின் மெட்ராஸ் வக்கீல், நல்ல கஞ்சி போட்ட ஆசாமி.
"வீடியோவில் இருப்பது நீங்கள்தானே?"
"நானேதான்."
"அதில் சொன்னது உண்மையா?"
திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் ஜோதி. பக்கத்தில் பாண்டியராஜ், பொன்னழகு. கதவோரம் பாரூக்கும் பாதி டீக்கடையும்.
"பொய்ங்கய்யா. கறி வெந்துக்கிட்டு இருந்துச்சு. ஜோதி அடுப்புக்கு முதுகக் காட்டிக்கிட்டு, குழாயில அரிசி களைஞ்சா. குக்கரத் தொடல. அது தானா வெடிச்சுது. நான் ஓடிட்டேன்."
"எங்கே?"
"தெருவுக்கு. அங்கயும் நிக்கல. வேப்பமரம் வரைக்கும் போயிட்டேன். பாதி வழியில வேட்டியும் என்னைய விட்டுப் போயிருச்சு. வெந்த முதுகோட அவதான் அடுப்ப அணைச்சிட்டு வெளிய வந்து, 'மாமா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?'ன்னு கேட்டா."
பாரூக் சிரித்த சிரிப்பில் மின்விசிறியே ஒரு சுற்று நின்று சுற்றியது. (கொஞ்சம் கூடத்தான். இது டைரி, கோர்ட்டு இல்லை.)
வக்கீல் விடவில்லை. "பொய் சொல்பவர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதை மட்டும் எப்படி நம்புவது?"
"அய்யா, நான் பொய் சொன்னா அதுல நான் ஜெயிச்சிருப்பேன். இதுல வேட்டி இல்லாம ஓடுறேனே!"
கோர்ட்டுத் தலைவர் குனிந்து ஏதோ எழுதினார். தோள் குலுங்கியது. ருக்ஸார் எழுந்து ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தாள்: காயம் முழுக்கப் பின்பக்கம். உள்ளங்கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மூடியைத் திருகினவள் முதுகிலா சுட்டுக்கொள்வாள்?

15 செப்டம்பர்
டீக்கடைக்குள் நுழைந்தேன். எவனோ விசிலடித்தான். "ஏலே, வழிய விடுங்கடா, மாமா ஓடப்போறாரு!" கடையே உருண்டது. தாடிக்கொம்பில் ஒரு கல்யாணக்காரர், "வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வாங்க" என்றுதான் அட்வான்ஸே கொடுத்தார்.

27 டிசம்பர்
தீர்ப்பு. பொருளில் குறை; செய்த நிறுவனமே பொறுப்பு; பயன்படுத்தியவர்மீது எந்தத் தவறும் இல்லை. அந்த ரகக் குக்கர்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கவும் உத்தரவு. நஷ்டஈடும் உண்டு.
ஜோதி, தவறு இல்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். மைக் இல்லாமல், மெதுவாக வாசித்தேன். பொன்னழகு எழுந்துபோய்க் காப்பி போட்டாள். முதல் டம்ளர் மருமகளுக்கு.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு
கம்பெனி அப்பீலுக்குப் போகவில்லையாம், கெடுவும் முடிந்தது. அகரத்தில் கறிச்சோறு.
பொன்னழகு தானே கடைக்குப் போய் வேறு கம்பெனிக் குக்கர் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதை ஜோதியிடம் நீட்டி, "நீயே வையித்தா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். ஜோதி வாங்கிக் கழுவி, கறியைப் போட்டு, மூடி, அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு குழாயடியில் திரும்பி நின்று அரிசி களைய ஆரம்பித்தாள்.
நான் அடுப்படியிலேயே நாற்காலி போட்டு மலைக்கோட்டை மாதிரி உட்கார்ந்தேன். முதல் விசில் — அசையவில்லை. இரண்டாவது விசில் — அசையவில்லை. மூன்றாவது விசில் அடித்ததும், "மாமா, எங்க இருக்கீங்க?" என்று ஜோதி சிரித்துக்கொண்டே கூப்பிட்டது வேப்பமரம் வரைக்கும் நன்றாகக் கேட்டது.