பாண்டிருப்புப் பிள்ளையின் கணக்கு

கப்ரில் உறங்கும் என் அன்பு வாப்பாவுக்கு,

இன்று சுபஹுத் தொழுததும் முதல் வேலையாக, நேற்றைய கணக்கை மூன்றாம் தடவை செய்து பார்த்தேன். விடை மாறவில்லை.

டியூஷன் பிள்ளைகளுக்கு ஒருங்கமை சமன்பாடு படிப்பிக்கிறேன். புத்தகக் கணக்கை விட்டுவிட்டு, நம் கடையில் ஒரே நாளில் சாமான் வாங்கிய பில் துண்டுகளைக் கொப்பியில் பார்த்தெழுதி வரச் சொன்னேன். உங்களைப் போலவே தம்பியும் துண்டில் நிறையை எழுதி, அடியில் மொத்தத்தை மட்டும் போடுகிறான். தனித்தனி விலை இருக்காது. விலையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

கல்முனைக்குடிப் பிள்ளைகள் இருவரின் துண்டுகளை முதலில் எடுத்தோம். மூன்று கிலோ அரிசியும் இரண்டு கிலோ சீனியும் 134 ரூபா. இரண்டு கிலோ அரிசியும் ஒரு கிலோ சீனியும் 78. இரண்டாவதை இரட்டித்து, முதலாவதைக் கழித்தார்கள். அரிசி 22, சீனி 34.

மூன்றாவது துண்டு பாண்டிருப்பிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை சுகந்தியுடையது. அதே அரிசி ஐந்து கிலோ, சீனி ஒரு கிலோ. 144 வரவேண்டும். அவள் கொப்பியில் 154.

"கூட்டத் தெரியாமலா சமன்பாட்டுக்கு வந்த நீ?" என்று ஒருத்தி சீண்டினாள். நானும் சிரித்துக்கொண்டே, பிழையாகப் பார்த்து எழுதியிருப்பாய் என்றேன்.

"இல்ல டீச்சர், அம்மா எண்ணிக் குடுத்த காசு."

பிறகு அவளே றப்பரால் 154ஐ அழித்துவிட்டு 144 என்று எழுதினாள்.

மாலையில் கடைக்குப் போய், பாண்டிருப்புத் துண்டின் கூட்டலில் பிழையா என்று தம்பியிடம் கேட்டேன். தராசிலிருந்து அவன் கண்ணை எடுக்கவே இல்லை.

"பிழையில்ல ராத்தா. அந்தப் பக்கத்து ஆக்களுக்கு அரிசி கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட. கலவரத்துக்குப் பிறகு நம்மட பஸாருக்கு வந்து அவங்க பயத்தில விலை கேக்கமாட்டாங்க. வாப்பா பழக்கினதுதானே."

தராசுத் தட்டில் ஒட்டிய நாலு அரிசியையும் வாங்குபவரின் பையில் தட்டிப் போட்டவர் நீங்கள். அந்தக் கையா இது? விலை எழுதாமல் விட்டதும் இதற்காகத்தானா? இல்லை, நீங்கள் மௌத்தாகி இரண்டு வருடமான பிறகு, பதில் சொல்ல ஆளில்லை என்று அவன் உங்கள்மேல் போடுகிறானா? யாரிடம் கேட்பேன்?

உங்களுக்குத் துஆக் கேட்பதை ஒரு நாளும் விடமாட்டேன், வாப்பா. ஆனால் இன்னும் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். இன்று பின்னேரம் வகுப்பில் அந்த 154ஐ என் கையாலேயே பலகையில் எழுதுவேன். சுகந்தியின் கணக்குச் சரி, பிழை என் வாப்பாவின் கடையில் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்வேன்.

உங்கள் மூத்த மகள்,
ஹபீபா