நெட்டை ஏன் கால் வழித்தான்

மார்ச் 9, திங்கள்கிழமை, காலை ஆறு இருபது. நான் கூப்பிட்டு நீ எடுக்காதது இதுவரை பதினொரு தடவை.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நீ எழுந்து நடந்து சாப்பிடுகிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், உன் சைக்கிள் கிளப் மேனேஜர் அப்படித்தான் சொன்னார், தையல் பிரித்தாயிற்று ஆனால் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று. நம் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடக்கிறேன். வேலையில் அதே கதைதான், ஐந்து மாடிக்கு ஒரு லிஃப்ட், அதற்கு மெக்கானிக் நான் ஒருத்தன், கத்துவதற்கு நாற்பது பேர். அம்மா உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறாள், எதற்கு என்று கேட்டால் முறைக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. போன மாதம் பந்தயத்தில் அந்த மழைச் சரிவில் இரண்டு பேரும் விழுந்தீர்கள், நீ எழுந்தாய், உன்னோடு வளர்ந்த நெட்டை எழவில்லை. அவன் உடல் இங்கே வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய், அதனால் உனக்கு இது தெரியாது. போர்த்திய துணி விலகி அவன் கால் தெரிந்தது. அவன் அம்மா, நம் சலவைக்கடை அக்கா, அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டாள், என் பிள்ளை காலை எதுக்கு இப்படி வழிச்சிருக்கான் தம்பி என்று. பெற்றவளுக்கே தெரியவில்லை, அவளுக்குப் பயந்து வீட்டில் எப்போதும் முழுக்கால் சட்டையோடு திரிந்திருக்கிறான். ஏன் என்று யாராவது கேட்டால் எனக்குக் காரணம்தான் வரும், லிஃப்ட் ஏன் நின்றது என்று சொல்கிற மாதிரியே சொன்னேன். சைக்கிள் பந்தயக்காரர்கள் எல்லாரும் வழிப்பார்கள் அக்கா, விழுந்தால் தோல் தேயும், முடி இருந்தால் புண்ணில் மண் ஒட்டும், கழுவ வராது, பிளாஸ்திரியைப் பிய்க்கும்போது உயிர் போகும் என்று. உயிர் போகும் என்கிற வார்த்தையைப் போய் அந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன் பார். அவள் அழக்கூட இல்லை. அப்போ விழுவோம்னு தெரிஞ்சேதான் போனானா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சுதான். தினமும் காலையில் சாவுக்குத் தயாராகித்தான் பிள்ளை கிளம்பியிருக்கிறான், என்னிடம் மறைத்துவிட்டான் என்கிறாள். கடை திறக்கவில்லை, யார் யார் துணியோ மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, யாரும் கேட்கப் போகவில்லை. போன வாரம் மறுபடி போய் விளக்கினேன். கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள லிஃப்டுக்கு அடியில் ஒரு கவ்வி வைக்கிறோம் அக்கா, அறும் என்று தெரிந்தா வைக்கிறோம் என்றேன். அந்தக் கவ்வி பிடிக்குமா தம்பி என்றாள். கட்டாயம் பிடிக்கும் என்றேன். இது பிடிக்கலையே என்றாள். அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள், வழியெல்லாம் திட்டு, உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட வேணாமா என்று.

நான் சொன்ன காரணம் சரிதான், ஆனால் நெட்டையின் காரணம் அது இல்லை. நீங்கள் இரண்டு பேரும் முதல் தடவை கால் வழித்தது நம் குளியலறையில், என் ரேஸரில். அப்போது பந்தயம் எதிலும் பெயர்கூடக் கொடுத்திருக்கவில்லை, கடன் வாங்கிய சைக்கிள் ஒன்று, அதற்குப் பிரேக்கும் பாதிதான். தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டது, நான்தான் கையை விட்டு எடுத்தேன், உள்ளே கரடி ஏதாவது குளித்ததா என்று அம்மா கேட்டாள். நெட்டை கூடத்தில் அரைக்கால் சட்டையோடு, கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டு, இப்போ பார்த்தா ரேஸ்காரன் மாதிரி இருக்கேனா சித்தப்பா என்று கேட்டான். இருக்கே என்றேன். அந்தச் சிரிப்பை அக்கா பார்க்கவில்லை. நான் போய்ச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பாள், என் பேச்சு அவளிடம் செல்லாது. கூடவே உட்கார்ந்து வழித்தவன் நீ. நீ சொன்னால் நம்புவாள். என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் பேசு.

மேனேஜர் அனுப்பிய வீடியோவில் உன் காலில் முடி வளர்ந்திருப்பதை அம்மா பார்த்தாள். இனி வழிப்பாயா, வளர விடுவாயா என்று நான் கேட்கமாட்டேன். உன் கால், உன் இஷ்டம். நல்லா இரு, நீண்ட காலம் இரு, எங்களுக்கு அது போதும். நான் செய்யப்போவது இதுதான்:

1. இன்றைக்கே இதைக் கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும்.
2. ஞாயிறு மாலை அக்கா வீட்டுக்குப் போவேன். எதையும் விளக்கமாட்டேன்.
3. ஏழு மணிக்கு உன் நம்பரைப் போட்டு போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். பன்னிரண்டாவது தடவை கூப்பிடப்போவது நான் இல்லை.

இப்படிக்கு,
அப்பா