தையல்காரருக்கு ஒரு ஊசி

அப்பா,

சாப்பாடு மேஜைமேல மூடி வெச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னு திட்டாதீங்க, நேத்து திட்டினதே ஒரு வாரத்துக்குப் போதும்.

பதினோரு மணிக்கு நர்ஸ் அக்கா கக்குவான் இருமல் ஊசி போட வருவாங்க. கதவைத் திறங்க. போன தடவை மாதிரி, மிஷின் சத்தத்துல பெல் கேக்கலைன்னு சொன்னா நம்பமாட்டேன்.

நேத்து ஊசின்னதும் "நான் என்ன குழந்தையா?"ன்னு கத்தினீங்க. உங்களுக்கு வந்தா அது இருமல். உங்ககிட்ட இருந்து பச்சைக் குழந்தைக்கு ஒட்டிக்கிட்டா, இருமக்கூடத் தெம்பில்லாம மூச்சே நின்னுடலாம். பிறந்து ஆறு வாரம் ஆனாத்தான் அதுக்கு முதல் ஊசி. அதுவரைக்கும் நாமதான் காவல். நானும் உங்க மாப்பிள்ளையும் போட்டாச்சு. நாப்பது வருஷமா குண்டூசியை வாயில கவ்விக்கிட்டே தைச்ச மனுஷன், இந்த ஒரு ஊசிக்கு ஒளியலாமா?

என் பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம். ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் வேணும். இன்னைக்கே போட்டாத்தான் சரியா வரும்.

வாசல் கதவுச் சாவி தையல் மிஷின் டிராயர்ல.

அப்புறம், அதே டிராயர்ல துணிக்கு அடியில நீங்க ஒளிச்சு வெச்ச குட்டிச் சட்டையைப் பார்த்துட்டேன். அதைக் குழந்தைக்கு நீங்கதான் போட்டுவிடணும். முதல்ல உங்க சட்டைக் கையை மடிச்சு விடுங்க.