பித்தளைக் குழலும் எண்ணெய்ச் சட்டியும்

மாப்பிளே, முந்தாநாள் உன் வண்டியின் பானெட்டைத் திறந்தேன். நீ இருந்தவரை அதில் யாரையும் கைவைக்க விட்டதில்லை. உன் பதினாறாம் நாள் காரியம், அடியந்திரம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வந்தவர்களெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, என் தங்கச்சி சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "வண்டி சும்மா கெடந்தா துருப்பிடிச்சுப் போவும்ணே. ஒண்ணு ஸ்டார்ட்டாக்கிப் பாரு" என்றாள். பானெட்டைத் தூக்கியதும் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. சூடேறிய இன்ஜின் எண்ணெயின் வாடை அல்ல. மண் கலந்து குழம்பிப்போன எண்ணெயின் வாடை. உன் வண்டியில் அந்த வாடை வர வழியே இல்லை. அதனால்தான் குனிந்து பார்த்தேன்.

முன்னால், கிரில்லுக்குப் பின்னே, உன் பித்தளைக் குழல் பளபளவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற, ஊரே பார்த்த குழல். அதன் பின்பக்கம் கார்புரேட்டரில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. கிழிந்த வேட்டித் துணியைச் சுருட்டி அந்தத் துவாரத்தை அடைத்து வைத்திருந்தாய். கார்புரேட்டரின் மேலே, வண்டி வாங்கும்போது கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த அதே காற்றுச் சட்டி உட்கார்ந்திருந்தது. இன்ஜின் இழுக்கிற காற்று முதலில் அந்தச் சட்டியில் இருக்கிற எண்ணெயைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகும், தூசியும் மண்ணும் எண்ணெயில் தங்கிவிடும். என் வண்டியில் இருந்த அதே மாதிரிச் சட்டியைத்தான் "இது மூச்ச அடைக்குது" என்று சொல்லிக் கழற்றவைத்து, பழைய இரும்புக்காரனிடம் போடவைத்தாய். நீதான். வேறு யாருமில்லை.

சுதந்திரம் வந்த புதிது அது. வடசேரி ஸ்டாண்டில் உன் பிளஷர் கார் ஒன்று, என் பிளஷர் கார் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கூப்பிடுகிறவர்கள் யாரிடம் முதலில் வந்தாலும் மற்றவனைக் கைகாட்டிவிடுகிற அளவுக்கு நாம் ஒட்டிக்கிடந்தோம். என் தங்கச்சியை உனக்குக் கொடுத்ததே அந்த ஒட்டுதலில்தான். வீட்டில் வேறு இரண்டு இடம் பார்த்திருந்தார்கள். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். "அவன விட நல்லவன் ஒருத்தன் இந்த நாஞ்சில் நாட்டுல இல்ல" என்று சொன்ன வாய் இது. சவம், நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற ஒரு கடையிலிருந்து சாக்கில் சுற்றி இரண்டு குழல் கொண்டுவந்தாய். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. ஸ்டாண்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"இது சும்மா இல்ல, கேட்டியா? ஏரோப்ளேன்ல உள்ளதாக்கும்" என்றாய்.

"ஏரோப்ளேன் மேகத்துல பறக்கும். நாம மணக்குடி மணலுலல்லா ஓடுகோம்" என்றேன் நான்.

"மச்சான், நீ இப்படியே இரு. ஒரு மனுசன மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச்சொன்னா ஓடுவானா? வண்டியும் அப்படித்தான். நல்லா மூச்சு விடட்டும், பொறவு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குப் பழக்கமாகியிருந்தது. உன் கையாலேயே என் வண்டியில் மாட்டித்தந்தாய். இரண்டு பேரும் ஆரல்வாய்மொழிக்கு ஓட்டிப் பார்த்தோம். என்ன சத்தம் அது. முப்பந்தல் ஏற்றத்தில் வண்டி உறுமின உறுமலுக்கு ஆடு மேய்க்கிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள். "கொள்ளாம்லா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாய். கொள்ளாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சத்தம்தான் கூடியது, வண்டி ஏறியது பழைய மாதிரியேதான். காதில் விழுந்ததைக் காலுக்குக் கிடைத்த பலம் என்று நினைத்துக்கொண்டோம். யாராவது இப்போது என்னிடம் வந்து, இப்படி ஒரு குழலை வாங்கி மாட்டலாமா என்று கேட்டால், கோயில் கொடைக்கு வெடி வாங்கு, சத்தமும் கிடைக்கும், புண்ணியமும் கிடைக்கும் என்றுதான் சொல்வேன்.

கொஞ்ச நாளில் உன் வண்டியின் உறுமல் குறைந்துவிட்டது. கவனித்தேன், கேட்கவும் செய்தேன். "இன்ஜினுக்குப் பழகிட்டு மச்சான். பழகினா சத்தம் அடங்கீரும்" என்றாய். என் வண்டிக்கு மட்டும் ஏன் பழகவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை பார். நம்பிக்கை என்பது இப்படித்தான் மனிதனை மடையனாக்கும்.

நம் பக்கத்தில் கல்யாண ஓட்டம்தானே பிளஷர்க்காரனுக்குச் சோறு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறின வண்டி வழியில் நிற்கக் கூடாது. டயர் வெடித்தால்கூட ஒரு முணுமுணுப்போடு மன்னிப்பார்கள், இன்ஜின் நின்றால் மன்னிக்க மாட்டார்கள். ஒரு தடவை நின்ற வண்டியை எந்த வீட்டிலும் மறுபடி வெற்றிலை வைத்துக் கூப்பிட மாட்டார்கள். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வருடம் ஆனியும் ஆடியும் ஆரல்வாய்மொழிக் காற்று மண்ணை வாரி இறைத்த பிறகு என் வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. இழுவை குறைந்தது. அந்த ஆவணியில்தான் அந்தக் கொட்டாரம் ஊர்க் கல்யாணப் பெண்ணை ஏற்றினேன். பின்னால் உன் வண்டியில் மாப்பிள்ளை வீட்டு அத்தைமார். சுசீந்திரம் பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு இருமல் இருமிவிட்டு என் வண்டி நின்றது.

நின்றதென்றால் நின்றதுதான். நான் முன்னால் போய் ஸ்டார்ட்டாக்குகிற கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன், தோள்பட்டை கழன்றுபோகும்வரை சுற்றினேன். உன் வண்டியிலிருந்து ஒரு அத்தை இறங்கி வந்தாள். "எழவு வண்டியத்தான் பாத்துப் பிடிச்சிருக்காவ. பிள்ளைய எறக்கி அதுல ஏத்துங்க" என்றாள். அந்தப் பெண் மாலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி உன் வண்டிக்கு நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நீ என்னருகே வந்து தோளில் கைவைத்தாய். "சவத்தத் தள்ளு மச்சான், நான் கொண்டு விட்டுட்டு வாறேன்" என்றாய். உன் கையின் சூடு எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே எல்லாம் தேய்ந்து, கீறல் விழுந்து கிடந்தது. நான் உன்னிடம் நேருக்கு நேராகவே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "குழல் வழியா மண்ணு போயிருக்குமோ?"

நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "என் வண்டியிலயும் அதே குழல்தான மச்சான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆவல்லியே. நீ கிளச்சுல கால வச்சே ஓட்டுக. இன்ஜின் கெடந்து அலறும். தேயாம என்ன செய்யும்?"

எல்லோர் முன்னாலும் சொன்னாய். ஒர்க்‌ஷாப்காரர் தலையாட்டினார். ஸ்டாண்டில் பேச்சாகிவிட்டது. 'கிளச்சுக்காலன்' என்று பெயர் வைத்தார்கள். வண்டி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், மாப்பிளே. ஓட்டத் தெரியாதவன் என்று நானே என்னை நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கோட்டாற்றில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை ஏற்றிவிடுகிற இடத்தில் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் எவனாவது ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னால், "நமக்குக் கால் சரியில்ல" என்று நானே சொல்லிச் சிரித்து ஒதுங்கியிருக்கிறேன். நீயும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாய்.

முந்தாநாள் அந்தச் சட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் சேறு. தங்கச்சி காப்பியோடு வந்தாள்.

"அதுவா? அத வாராவாரம் நாந்தான கழுவுகேன். அவிய சீக்குல கெடந்ததுல இருந்து ஒரு மாசமாட்டு விட்டுப்போச்சு."

"எப்பம் இருந்து மக்ளே கழுவுக?"

"மூத்தவ வயித்துல கெடக்கும்பமே. அந்த எண்ண மணத்துக்கு ஓங்கரிச்சு ஓங்கரிச்சு வரும். மண்ணுன்னா கை நெறைய மண்ணு இருக்கும்ணே."

மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது. என் வண்டி சுசீந்திரத்தில் நின்றபோது மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்படியென்றால் என் தோளில் கைவைத்தபோது உனக்குத் தெரியும். கிளச்சு என்று சொன்னபோது தெரியும். மணல் உள்ளே போகிறதென்று கண்டுபிடித்து, உன் சட்டியை மறுபடி மாட்டி, ஏரோப்ளேன் பெருமை கெட்டுவிடக் கூடாதென்று குழலை முன்னால் மினுக்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாய். வெட்கமா? இல்லை, கல்யாண ஓட்டம் எல்லாம் உன் பக்கம் வந்தது வசதியாக இருந்ததா? யாரிடம் கேட்பேன்? சண்டை போடக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டாள். "ஏண்ணே, மைனியும் உன் வண்டிச் சட்டிய இப்படித்தான கழுவிட்டிருப்பாவ? ரெண்டு பேரு வண்டியும் ஒண்ணுதானன்னுல்லா நான் நெனச்சேன்."

தாலி அறுத்த கழுத்தோடு நிற்கிறாள். உன்னைத் தவிர வேறு எதையும் பெரிதாக நினைக்காதவள். உண்மை வாய்வரைக்கும் வந்தது.

"ஆமா மக்ளே, கழுவினா. என் கால்தான் சரியில்லாம போச்சு" என்றேன்.

இப்படியாக நீ சொன்ன பொய்யை என் வாயாலேயே உறுதி செய்து கொடுத்தேன். உனக்காக இல்லை, அவளுக்காக. மேலே போய் உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

நீ நோயில் படுப்பதற்கு முன்னால் வெற்றிலை வாங்கிய கல்யாண ஓட்டம் ஒன்று பாக்கி இருந்தது. நான் ஓட்டுவேன் என்று தங்கச்சி கல்யாண வீட்டுக்கு ஆள்விட்டுச் சொன்னாள், அவர்கள் மறுக்கவில்லை. வண்டி உன் வண்டியாயிற்றே. "நீ ஓட்டுண்ணே, வேற யார நான் நம்புவேன்?" என்றாள். சட்டியைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி மாட்டினேன். குழலை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பாள்.

இன்று காலை பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் இருந்தார்கள். சுசீந்திரம் பாலம் வந்தது. வண்டி ஒரு இருமல்கூட இருமாமல் தாண்டிப் போனது. எனக்கு ஓட்டத் தெரியும் மாப்பிளே. எப்போதும் தெரிந்துதான் இருந்தது. கியர் மாற்றி முடித்ததும் இடது கால் மட்டும், தீயை மிதித்தது போல, கிளச்சை விட்டுத் தனியே எழுந்து நின்றது. இறக்கி வைத்தேன், மறுபடி எழுந்தது. கன்னியாகுமரிவரைக்கும் அந்தக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் ஓட்டினேன்.