அந்த ஒரு அடி

ஆவணி 14, ஞாயிறு.

அந்த இசையமைப்பாளன் நாசமாப் போகட்டும். மூணு வருஷம் முன்னாடி எங்க ஆரணி பேண்ட் யூடியூப்ல போட்ட பாட்டை அப்படியே சினிமாவுல வெச்சிருக்கான். மெட்டு தானா தோணுச்சுன்னு பேட்டி வேற கொடுக்கிறான். சரி, தோணட்டும். ரெண்டாவது வரி முடியிற எடத்துல ஒரு அடி கூடுதலா வருதே, அதுவுமா தோணுச்சு? அது என் தப்புடா. ரெக்கார்டிங் அன்னிக்குப் பக்கத்து வீட்டுல தறி ஓடிகினு இருந்தது. அந்தச் சத்தத்துல கணக்கு மாறி டிரம்ஸ்ல ஒரு அடி சேர்த்துப் போட்டுட்டேன். நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டோம். அவன் ஸ்டுடியோ பக்கத்துல எந்தத் தறி ஓடுது?

இன்னிக்கு கண்ணமங்கலத்துல ரிசப்ஷன். மாப்பிள்ளையோட ஃபிரண்டு ஒருத்தன் மேடைக்கே வந்து அந்த சினிமா பாட்டைக் கேட்டான். மாட்டேன்னு சொல்ல முடியல. வாசிச்சேன். ஆனா அந்த ஒரு அடியை மட்டும் வேணும்னே போடல. அது என்னுது. அவன் பேர்ல போட மாட்டேன்.

முடிஞ்சதும் அதே ஃபிரண்டு சிரிச்சிகினே வந்து சொல்றான்: "ரெண்டாவது லைன்ல ஒரு அடி விட்டுட்டீங்கண்ணா. ஒரிஜினலை நல்லா கேட்டுப் பாருங்க."