உங்கள் பக்கம் வைத்த டஸ்டர்

டீச்சர்,

மண்டபத்தில் காலையிலிருந்து சீமெந்து வாசம். உங்கள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். நாம் இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு மறந்தே போன சுவர். இடுப்பளவு வந்துவிட்டது. நடுவில் நின்ற கரும்பலகையை வெளியே மழையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். “இனி நீங்க எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம் டீச்சர்” என்று பள்ளிக்கூட அதிபர் சிரித்தார். நீங்கள் இருந்திருந்தால் அவருக்குப் பொருத்தமாக ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

நான் கத்துகிறவள்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறிக்கிறவர்கள் இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்குக் குரல் எங்கே தாழப்போகிறது? ஒரே மண்டபம், வரிசையாக வகுப்புகள், நடுவே பலகைகள் மட்டும். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் நான் ஒரு படி மேலே போவேன். அவர்கள் அதற்கும் மேலே போவார்கள். நீங்கள் மாற்றலாகி வந்த புதிதில் ஒரு நாள் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தீர்கள். “டீச்சர், நீங்க படிப்பிக்கிறது என்ட புள்ளைகளுக்கு நல்லா விளங்குது. உங்கட புள்ளைகளுக்கு விளங்குதான்னுதான் தெரியல்ல” என்றீர்கள். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தோட்டத்துச் சத்தம் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சில நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு என் தொண்டை போனது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, சிங்களத்தில் “கதா கரன்ன எப்பா” என்றார். பேசவே கூடாதாம். ஆறிய பிறகும் இப்படிக் கத்தினால் குரல் திரும்பாது, வேறு வேலை பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். வேறு என்ன வேலை? விடிகாலையில் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்து, கொழுந்து பறிக்க மலை ஏறாமல், சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் லயத்தில் நான்தான். அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. உங்களுக்கு மட்டும் தாளில் எழுதிக் காட்டினேன். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “சரி, அப்ப கத்தாமப் படிப்பிச்சுப் பாப்பம்” என்றீர்கள்.

ஏற்பாடு சிறியது. இரண்டு வகுப்புக்கும் ஒரே டஸ்டர். அது யார் கையில் இருக்கிறதோ அந்த வகுப்பு வாசிக்கலாம், பாடலாம். மற்ற வகுப்பு எழுத வேண்டும். பாடம் பாதி போனதும் நீங்கள் டஸ்டரைப் பலகையின் மேல் விளிம்பில் வைப்பீர்கள், நான் எடுப்பேன். நான் வைத்தால் நீங்கள் எடுப்பீர்கள். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. எனக்குத்தான் நாளானது. உங்கள் முறையில் நான் வாய் திறந்தால் அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்கும்.

வாய் சும்மா இருந்தபோதுதான் கண் வேலை செய்யத் தொடங்கியது. எவளுக்குப் பலகை தெரியவில்லை, எவள் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள், எவன் காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வந்திருக்கிறான் என்பதெல்லாம் வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தபோது தெரிந்தது. மழை நாளில் முதலில் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போடச் சொல்ல வேண்டும், பாடம் அதற்குப் பிறகு; இதெல்லாம் உங்களைப் பார்த்துப் படித்தது. பிந்தி வருகிறவளை வாசலில் நிறுத்தக் கூடாது. “தம்பிய புள்ளமடுவத்துல ஆயாகிட்ட விட்டுட்டு ஓடி வாறவகிட்ட ஏன் லேட்டுன்னு கேட்டா, அவ என்னத்தச் சொல்லுவா?” என்பீர்கள். பயிற்சிக் கலாசாலையிலும் இப்படி எத்தனையோ சொன்னார்கள். அதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவள் நான்.

எல்லாவற்றிலும் நாம் ஒத்துப்போனோம் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்து கோணினால் புள்ளி குறைப்பீர்களே, அது எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது.

நீங்கள் போனது விடுமுறையில். திடீர் நெஞ்சுவலி என்றார்கள். நான் பூண்டுலோயாவில் அக்கா வீட்டில் இருந்தேன். பஸ் மாறி வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அழவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது உங்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. இரண்டு வகுப்பையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாடம் பாதி போனதும், யோசிக்காமல், டஸ்டரைப் பலகைமேல் வைத்துவிட்டேன். என் பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் உங்கள் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டஸ்டரையே பார்த்திருந்தார்கள். அதைத் திரும்ப எடுக்க எனக்குக் கை போகவில்லை. மணி அடிக்கும்வரை அந்த மூலையில் சத்தமே இல்லை. அப்போதுதான் அழுதேன் டீச்சர், பலகைக்குப் பின்னால் நின்று.

இப்போது உங்கள் வகுப்பைப் பார்க்கிற புது டீச்சர் தங்கச்சிக்கு நல்ல குரல். அவளுக்குத் தனியாக ஒரு டஸ்டர் இருக்கிறது. நம்முடையதை நான் நேற்றுவரை பாதிப் பாடத்தில் பலகைமேல் வைத்துக்கொண்டுதான் வந்தேன். என் தொண்டை கெடவில்லை. டொக்டர் சொன்ன வேறு வேலையை நான் தேடவே இல்லை. அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

இன்று பலகை இல்லை. டஸ்டரை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, “ஏன் டீச்சர் அங்க வைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“இனி அடுத்த வகுப்பு முறை” என்றேன்.

அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். “அங்கிட்டு வகுப்பே இல்லையே டீச்சர். தேயிலதான இருக்கு.”

“தெரியும். நீ எழுது” என்றேன்.